முழுத் தீவுக்கும் ஒரே திவசம்

சென்ற வாரம் பெற்றோல் நிலையத்தில் நான் பட்ட பாட்டை எழுதியதற்கு மூன்று பேர் தொலைபேசி எடுத்தார்கள். மூன்று பேருமே நான் பட்டது போதாது என்ற தொனியில்தான் பேசினார்கள். அவர்களுக்கு என் நன்றி. இந்த வாரம் நான் பட்ட பாட்டை விட்டுவிட்டு, மற்றவர்களைப் படுத்திய பாட்டை எழுதுகிறேன். அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள சிறிய மண்டபம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஹீட்டர் வேலை செய்யவில்லை. அது வேலை செய்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. இருபது பேர் கோட்டைக் கழற்றாமல் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருக்கிறோம். எங்கள் தீவின் சங்கம் கூடியிருக்கிறது.

தீவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பக்கத்துத் தீவார் தங்கள் தீவுக்கு நடந்ததை ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இராணுவம் தீவில் இறங்கியபோது நாங்கள் இழந்த எல்லோருடைய பெயர்களையும் ஒரு புத்தகமாகப் போடுவது என்று சங்கம் தீர்மானித்திருந்தது. நல்ல காரியம். ஆனால் எந்த நல்ல காரியமும் ஒரு சங்கத்தின் கையில் அகப்பட்டால் அதன் கதி என்ன என்று உங்களுக்கும் தெரியும். முதல் கூட்டம் முழுவதும் பிரதம விருந்தினர் யார் என்பதில் போனது. இரண்டாவது கூட்டத்தில் அட்டையின் நிறம். மூன்றாவது கூட்டத்தில் மீன் ரோல்ஸா மரக்கறி ரோல்ஸா என்ற வாக்குவாதத்தில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். செத்தவர்களின் பெயர்களை வாசித்தது நான்காவது கூட்டத்தில்தான்.

வாசித்தவர் செயலாளர் ஜெயக்குமார். நல்ல பிள்ளை. இராணுவம் வருவதற்கு முன்பே லண்டன் வந்தவர் என்பதால் அவருடைய உற்சாகத்துக்குக் களைப்பே கிடையாது. பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில், இறந்த திகதி என்று வாசித்துக்கொண்டு போனார். திகதி எல்லோருக்கும் ஒன்றுதான். இராணுவம் இறங்கிய அதே நாள். அதுதான் அவரை உருக்கிவிட்டது. ஒரே நாளில் ஒரு தீவே அழிந்ததை உலகம் அறிய வேண்டும், அந்தத் திகதியையே தங்க எழுத்தில் அட்டையில் போடலாம் என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதோடு முப்பத்தாறாம் பக்கத்தில் என் படமும் வருகிறது என்று அறிவித்தார். ‘அயராத சேவையாளர்’ என்று கீழே போடுவார்களாம். அதற்கும் தட்டினார்கள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து லட்சுமி எழும்பினாள். அறுபது வயது இருக்கும். கறுப்புக் கோட், நரைத்த தலை, நெற்றியில் ஒரு சதத்தளவு குங்குமப் பொட்டு. அவளுடைய கணவன் சோதிலிங்கத்தின் பெயரை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தார்கள்.

“தம்பி, இவர் அண்டைக்குச் சாகேல்லை. அண்டையிலையிருந்து பதினொரு நாள் என்னோடை இருந்தவர்” என்றாள்.

ஜெயக்குமார் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். கோப்பிலிருந்து ஒரு போட்டோக் கொப்பியை எடுத்துக் காட்டினார். “அக்கா, உங்கடை கையெழுத்து வைச்ச பேப்பரிலை அப்பிடித்தான் கிடக்கு. கன வருசமாச்சுத்தானே, மாறி நினைக்கிறியள்.”

லட்சுமி என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் தேநீரைப் பார்த்தேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

கூட்டம் முடிந்து நான் வாசலில் கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவளுடைய மகள் வதனி தாயிடம் கேட்டது என் காதில் விழுந்தது. இராணுவம் இறங்கியபோது வதனிக்குப் பத்து மாதம்.

“அம்மா, நான் முதன்முதலா அடிவைச்சு நடந்ததை அப்பா பாத்தவர் எண்டு சொல்லுவீங்கள். அது சும்மா எனக்காகச் சொன்னதோ?”

லட்சுமி கைப்பையைத் திறந்து பஸ் கார்டைத் தேடினாள். அது அவளுடைய கையிலேயே இருந்தது.

சமையலறை மேசை

அந்தப் போட்டோக் கொப்பியின் மூலப் பிரதியை எழுதியவன் நான்.

அந்தக் காலத்தில் எங்கள் தீவார் ஒவ்வொருவராக லண்டனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அகதி விண்ணப்பம் நிரப்ப வேண்டும். ஊரில் நான் சங்கக்கடை மனேஜர், அதாவது கூட்டுறவுக் கடைக்குப் பொறுப்பானவன். மேலிடத்துக்கு ‘தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன்’ என்று கடிதம் எழுதி எழுதிப் பழகிய ஆங்கிலம் என்னிடம் இருந்தது. அந்த ஆங்கிலத்தை வெள்ளைக்காரர்களே கைவிட்டு வெகுகாலம் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிப்ட் முடிந்து வந்து, நித்திரை இல்லாத கண்ணோடு சமையலறை மேசையில் இருப்பேன். சனம் படிக்கட்டு வரை நிற்கும். என் மனைவி பிளேன்டீ ஊற்றி ஊற்றிக் கை சலித்து, இது வீடா அரசாங்கக் கச்சேரியா என்று கேட்பாள். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை என்பதில் எனக்கு அந்த நாளில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

விண்ணப்பத்தில் ஒரு பெட்டி உண்டு. கொல்லப்பட்ட உறவினரின் பெயர், உறவு முறை, இறந்த திகதி. பெட்டியின் நீளம் என் சுண்டுவிரல் அளவு. காணாமல் போனார், பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை என்றெல்லாம் எழுத அதில் இடம் கிடையாது. திகதி போடாமல் அனுப்பிய முதல் இரண்டு விண்ணப்பங்களும் திரும்பி வந்தன.

மூன்றாவதில் ஒரு திகதி போட்டேன். திரும்பி வரவில்லை. அதன் பிறகு வந்த எல்லோருக்கும் அதே திகதியைப் போட்டேன். இராணுவம் இறங்கிய நாள். யாரும் மறக்காத நாள், பேப்பரில் வந்த நாள், கேள்வி கேட்டால் எல்லோரும் ஒரேமாதிரிச் சொல்லக்கூடிய நாள். கெட்டிக்கார வேலை என்று நினைத்தேன்.

லட்சுமியும் அந்த மேசைக்கு வந்தாள். வதனி மேசைக்குக் கீழே இருந்து என் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கணவனின் பெயரைக் கேட்டேன். வாயால் சொல்லாமல் அடையாள அட்டையின் கொப்பியை நீட்டினாள். திகதியைக் கேட்டேன். “முதல் நாள் இல்லை அண்ணை. பதினொரு நாள் கோயில் மடத்திலை எங்களோடை இருந்தவர், பேந்து ஸ்பீக்கரிலை கூப்பிட்டு...” என்று தொடங்கினாள்.

நான் பெட்டியைப் பார்த்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். படிக்கட்டில் இன்னும் நாலு பேர்.

“அதுக்கெல்லாம் இதிலை இடமில்லை, பிள்ளை” என்றேன். நான் காட்டிய இடத்தில் அவள் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

வாழையிலை

ஒரு பெட்டியை நிரப்பியதோடு விஷயம் முடிந்தது என்றுதான் இருந்தேன். சனம் அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. விசா வந்தது, வேலை வந்தது, வீடு வந்தது. பிறகு திவசம் கொடுக்க நினைத்தார்கள். இறந்த நாளின் திதி தெரிய வேண்டுமே. ஐயர் திகதியைக் கேட்டார். காகிதத்தைக் காட்டினார்கள்.

நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசையில் கொடுக்கலாம் என்று ஐயர் சிலரிடம் சொல்லியிருக்கிறார். காகிதத்தில் அரசாங்க முத்திரையோடு திகதி இருக்கும்போது எதற்கு அமாவாசை என்று இவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே திதியைச் சொல்லிவிட்டார். வேறு என்ன செய்வார், பாவம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆவணியிலும் லண்டனில் எங்கள் தீவார் முழுப்பேருக்கும் ஒரே நாளில் திவசம். ஐயர் காலையில் விம்பிள்டனில் தொடங்கித் தோர்ண்டன் ஹீத்துக்கு ஓடி, அங்கிருந்து மறுபடி விம்பிள்டனுக்கு ஓடுவார். எந்த வீட்டிலும் முழு மந்திரம் சொல்ல நேரம் இருக்காது. வாழைக்காய்க்குத் தட்டுப்பாடு வரும்.

ஒருமுறை கடைக்காரத் தம்பி என்னைக் கண்டதும், “அண்ணை, உங்கடை தீவாருக்கு நாளைக்குத்தானே? இலை மூண்டு பெட்டி கூட எடுத்து வைச்சிருக்கிறன்” என்றான்.

நான் சிரித்தேன். எங்கள் சனத்தின் ஒற்றுமையை எண்ணிக் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். இதை எழுதும்போது கன்னத்தில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த நாளில் அடுப்பில் மீன் மச்சம் சமைத்த ஒரே வீடு லட்சுமியின் வீடு. அவள் திவசம் கொடுப்பதே இல்லை. அதற்கும் சங்கத்துப் பெண்கள் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பூட்டு

ஏன் அந்தத் திகதி? சமையலறை மேசையில் நான் சொன்ன காரணங்களை மேலே எழுதிவிட்டேன். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் அடியில் கிடந்த காரணம் வேறு. அது எனக்கே இந்த வருடம்தான் தெரிந்தது.

அன்று விடியமுதலே கடலிலிருந்து ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். பொழுது வெளித்ததும் ஹெலிகொப்டர்கள் வந்தன, பனைமர உச்சிக்குச் சற்று மேலே. மண்ணும் ஓலையும் எழும்பி முகத்தில் அடித்தன. வடக்குக் கரையில் இறங்கிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு சனம் ஓடியது. ஒருத்தி கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடியதைக் கண்டேன். கை வெந்திருக்கும். அவள் பானையை விடவில்லை.

பாதிச் சனம் கோயில் மடத்துக்கு ஓடியது. மறுபாதி தெற்குக் கரைக்கு ஓடியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சங்கக்கடைக்கு ஓடி, கதவைப் பூட்டினேன். உள்ளே அரிசி, மா, சீனி, பால்மா எல்லாம் இருந்தன. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். தலைக்கு மேலே ஹெலி, எனக்கு இன்ஸ்பெக்டர் பயம். பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மனைவியோடு தெற்குக் கரையில் கடைசி வள்ளம் ஏறினேன். அப்போது மத்தியானம்.

அந்தத் திறப்பு எங்கே என்று கேட்காதீர்கள். கொழும்பு லொட்ஜ் ஒன்றில் தொலைந்தது.

அதற்குப் பிறகு தீவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. பின்னாளில் திரும்பிப் போனவர்கள் கூரையில்லாத வீடுகளைப் பற்றியும், எட்டிப் பார்க்கப் பயந்த கிணறுகளைப் பற்றியும் சொன்னார்கள். நான் தலையாட்டிக் கேட்டேன், ஊர்க்காரன் என்ற உரிமையோடு.

விக்டோரியா லைன்

கூட்டம் முடிந்து ஒரு கிழமை நான் நல்ல மனிதனாக நடக்கவில்லை. மனைவியோடு கறிக்கு உப்புக் காணாது என்று சண்டை பிடித்தேன். கடைசியில் அவள், “போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ, எனக்கு உங்களோடை ஏலாது” என்றாள். நான் அவளிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தேநீர் ஊற்றியவளுக்குக் காது இல்லையா?

லட்சுமி மகளோடு வால்தம்ஸ்டோவில் இருக்கிறாள். சனிக்கிழமை. முதல் ரயில் ரத்து. இரண்டாவது ரயில் நடுவழியில் காரணம் சொல்லாமல் நின்றது. விக்டோரியாவில் மாறி, சுரங்க ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே போனேன். என் முழங்காலைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இடம் தந்தது. கோபத்தில் வேண்டாம் என்றுவிட்டேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் ரயில்காரர் மேல் என்றுதான் அப்போது சொல்லியிருப்பேன்.

கதவைத் திறந்தது வதனி. கவுன்சிலில் வேலை செய்கிறாள். மரியாதையாக உள்ளே கூப்பிட்டாள். லட்சுமி சமையலறை மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

நான் கதிரையில் இருக்கவில்லை. இருந்தால் தேநீர் வரும், தேநீர் வந்தால் கதை வேறு பக்கம் போகும். நின்றபடியே வதனியிடம் சொன்னேன். “பிள்ளை, அந்தத் திகதி நான் போட்டது. அம்மா அண்டைக்கே பதினொரு நாள் எண்டு சொன்னவ. நான்தான் எழுதேல்லை.”

வதனி தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். நான் பெட்டியைப் பற்றியும் படிக்கட்டில் நின்ற சனத்தைப் பற்றியும் விளக்கத் தொடங்கினேன். சரளமாக வந்தது. பாதியில் லட்சுமி குறுக்கிட்டாள். பயற்றங்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அண்ணை, நீங்கள் எத்தினையாம் நாள் வெளிக்கிட்டனீங்கள்?”

“முதல் நாள். மத்தியானம்.”

“அதுதான். உங்களுக்கு அண்டைக்கு முடிஞ்சுது. எங்களுக்கு அண்டைக்குத்தான் துவங்கினது.”

அவளுடைய குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கதிரையில் இருந்துவிட்டேன்.

பிறகு அவள் நாள் நாளாகச் சொன்னாள். மடத்தில் அத்தனை சனம், ஒரு கிணறு. இரண்டாம் நாளே பிள்ளைகள் பசியில் அழுதார்கள். சங்கக்கடையில் அரிசி இருந்தது, கதவில் என் பூட்டு இருந்தது. சோதிலிங்கம் வள்ளங்களுக்கு மெசின் திருத்துகிறவன். ஸ்பானர் பெட்டியோடு ஊர்ந்து போய்ப் பூட்டை உடைத்து, அரிசியும் பால்மாவும் கொண்டு வந்திருக்கிறான். மூன்று தரம் போய்வந்தானாம். நான் போட்ட பூட்டுக்காக ஒருவன் மூன்று தரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான்.

“கலியாணம் கட்டின நாளிலை இருந்து இவர் துறையிலைதான். சாப்பிட வருவார், போவார். முழு நாளும் என்ரை கண்ணுக்கு முன்னாலை இருந்தது அந்தப் பதினொரு நாள்தான்” என்றாள்.

ஏழாம் நாள் காலை வதனி மடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கையை விட்டுவிட்டுத் தகப்பனை நோக்கி நடந்தாள். அவன் சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். செத்தவீடு மாதிரிக் கிடந்த மடத்தில் சனம் சிரித்ததாம். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று பிள்ளை பயந்து அழுததாம்.

“எத்தினை அடி?” என்று வதனி கேட்டாள்.

“நாலு. அஞ்சாவதிலை விழுந்தனி.”

பதினோராம் நாள் இராணுவத்தார் ஸ்பீக்கரில் அறிவித்தார்கள். ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து பதிய வேண்டும். சோதிலிங்கம் முகம் வழித்து, யாரிடமோ ஒரு நல்ல சேட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையை ஒரு பையில் சுற்றி எடுத்துப் போனான்.

“பின்னேரம் வாறன் எண்டுதான் போனவர். வாறன் எண்டு சொல்லிப் போனவருக்கு நான் எப்பிடி அண்ணை திவசம் குடுக்கிறது?”

பயற்றங்காய் முறித்து முடிந்திருந்தது. வதனி எழும்பிப் போய்த் தாய்க்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். நான் கொண்டுபோன எழுதும் கொப்பியைத் திறந்து, முதல் நாளிலிருந்து மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். இந்தமுறை மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

முப்பத்தாறாம் பக்கம்

அடுத்த கிழமை பட்டியலில் உள்ள வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தேன். ஒருவருடைய அண்ணன் ஐந்தாம் நாள் வரை பனங்கூடலுக்குள் ஒளித்து இருந்தவர். இன்னொருத்தியின் தகப்பன் மூன்று கிழமைக்குப் பிறகும் உயிரோடு இருந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். முதல் நாளே போனவர்களும் இருந்தார்கள், இல்லையென்று இல்லை.

விம்பிள்டனில் ஒரு கிழவி சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. பிழையான நாளில் படைக்கிறோம் என்று அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். “நீங்கள் நித்திரை முழிச்சுச் சும்மா எழுதித் தந்தனீங்கள். உங்களை என்னெண்டு பிழை சொல்லுறது தம்பி?” என்றாள். என் தலைக்கனத்துக்கு இத்தனை வருடம் அவர்கள் மரியாதை கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஹீட்டர் வழக்கம்போல. ஜெயக்குமாரின் முகம் கறுத்துவிட்டது. அட்டை அச்சாகிவிட்டது, தங்க எழுத்து ஏறிவிட்டது. அதைவிட, இந்த வயதில் இதைக் கிளறினால் சனத்தின் பாஸ்போட்டுக்குப் பிரச்சினை வராதா என்று ஒருவர் கேட்டார். வேறு இரண்டு பேர் ஓம் ஓம் என்றார்கள். எழுதியவன் நான், பிழை என்று என் பெயரில் போடுங்கள், வந்தால் என்னிடம் வரட்டும் என்றேன். ஒன்றரை மணித்தியாலம் சத்தம். அந்த அமளியிலும் ரோல்ஸ் பரிமாறப்பட்டது.

கடைசியில் ‘இறந்த திகதி’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு, ‘கடைசியாகக் கண்ட நாள்’, ‘கண்டவர்’ என்று இரண்டு தலைப்புப் போடச் சம்மதித்தார்கள். அட்டையைத் திரும்ப அடிக்கவும் சம்மதித்தார்கள், முணுமுணுப்போடு.

ஜெயக்குமார் மடிக்கணினியில் திருத்திக்கொண்டு வந்தார். சோதிலிங்கம். கடைசியாகக் கண்ட நாள், பதினோராம் நாள் காலை. கண்டவர், மனைவி. லட்சுமி பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வதனி.

“அதுக்குக் கீழை இன்னும் ஒரு வரி போடுங்கோ தம்பி” என்றேன். “ஏழாம் நாள், மகள் நாலு அடி நடந்ததைக் கண்டவர்.”

ஜெயக்குமார் திரையைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். மண்டபத்தை விடுவதற்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

“அதுக்கெல்லாம் இதிலை இடமில்லை, அண்ணை.”

நான் திரும்பி லட்சுமியைப் பார்த்தேன். இந்தமுறை அவள்தான் கையில் இருந்த தேநீரைப் பார்த்தாள்.

“இடம் இருக்கு” என்றேன். “முப்பத்தாறாம் பக்கத்திலை என்ரை படம் போட்டிருக்கிறியள். அதை எடுங்கோ.”